கத்தியா, ஊசியா? கல்லீரல் கட்டியில் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்

“லேசர்லயே முடிச்சிடலாம்தானே டாக்டர்?” என்று மாமா கேட்டார்.

சென்னையில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். பித்தப்பைக் கல், குடல்வால், குடலிறக்கம் எதுவானாலும் வயிற்றைக் கிழிக்காமல் செய்தால் அதற்கு நம் ஊரில் பொதுப்பெயர் லேசர். மாமாவுக்கு இருந்தது கல்லீரலில் 2.6 சென்டிமீட்டர் புற்றுநோய்க் கட்டி. டாக்டர் சிரிக்கவில்லை. சி.டி. ஸ்கேன் கவரைத் திருப்பிப் போட்டு, பேனாவால் ஒரு ஈரலை வரைந்தார். கட்டியை ஒரு புள்ளியாக வைத்தார். அப்புறம் அந்தப் புள்ளியை மட்டும் விட்டுவிட்டு மீதி ஈரல் முழுவதையும் குறுக்குக் கோடுகளால் நிரப்பினார். “கட்டியை எப்படி வேணா எடுத்துடலாம். எனக்குக் கவலை இதைப் பத்திதான்” என்றார்.

அந்தக் கோடு போட்ட பகுதியைப் புரிந்துகொண்டால் மற்றது தானாகப் புரியும். நோயாளியும் வீட்டாரும் வயிற்றில் விழப்போகும் காயத்தை வைத்துச் சிகிச்சைகளை ஒப்பிடுகிறோம். மருத்துவர்கள் உள்ளே மிஞ்சப்போகும் ஈரலை வைத்து ஒப்பிடுகிறார்கள். குழப்பம் தொடங்கும் இடம் இதுதான்.

மாமாவுக்கு 61 வயது. பெரம்பூரில் ஸ்டேஷனரிக் கடை. பீடி, சிகரெட், மது எதுவும் கிடையாது, 20 வருடமாகச் சர்க்கரை மட்டும். “குடிக்கிறவனெல்லாம் நல்லா இருக்கான், இவருக்கு எப்படி?” என்று அத்தை கேட்காத நாளில்லை. சர்க்கரை உள்ளவர்களில் பலருக்கு ஈரலில் கொழுப்பு படியும். அது சிலருக்கு வெறும் கொழுப்பாக நிற்பதில்லை. புண்ணாகிறது, ஆறுகிறது, தழும்பாகிறது, மறுபடி புண்ணாகிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால் ஈரல் இறுகிச் சுருங்குகிறது. இதைத்தான் சிரோசிஸ், ஈரல் சுருக்கம் என்கிறார்கள். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மது, கொழுப்பு என்று எந்த வழியில் வந்தாலும் சேரும் இடம் ஒன்றுதான். ஈரலிலேயே பிறக்கும் புற்றுநோயில் பெரும்பாலானவை இந்தத் தழும்பு ஈரலில் முளைப்பவை. ஹெபடைடிஸ் பி மட்டும் சில சமயம் சுருக்கம் வரும் முன்பே கட்டியைக் கொண்டுவந்துவிடும்.

ஆக, ஒரே உறுப்புக்குள் இரண்டு நோய். கட்டியை அகற்றலாம், அதை முளைக்க வைத்த நிலம் அங்கேயே கிடக்கும்.

ஈரல் நல்ல நிலையில் இருந்தால் அறுவை சிகிச்சை நிபுணருக்குக் கை தாராளம். முக்கால்வாசி வரை வெட்டி எடுத்தாலும் மிச்சக் கால்வாசி சில வாரங்களில் வளர்ந்து ஏறக்குறைய பழைய எடைக்கு வந்துவிடும். சுருங்கிய ஈரலில் இந்தத் தாராளம் இல்லை. குறைந்தது 40 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அதற்குக் குறைந்தால் ஆபரேஷன் நன்றாக முடிந்த பிறகும், ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, நினைவு தடுமாற ஆரம்பிக்கும். “ஆபரேஷன் சக்சஸ்னு சொன்னாங்களே” என்று வீட்டார் நிலைகுலைவது இந்தக் கட்டத்தில்தான்.

இதை முன்கூட்டியே அளக்க ஒரு மதிப்பெண் முறை உண்டு. சைல்ட்-பக் என்று பெயர். சைல்ட் 1964இல் தொடங்கியதை பக் 1973இல் திருத்தினார். பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி, ஈரல் செய்யும் அல்புமின் புரதம், ரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மனத்தெளிவு ஆகிய ஐந்தையும் கூட்டி ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். ஏ பிரிவு என்றால் கத்தியைப் பற்றி யோசிக்கலாம், சி என்றால் பேச்சே இல்லை. ஆனால் ஏ வந்துவிட்டால் மட்டும் போதாது. டெங்கு சீசனில் மட்டும் நாம் பேசும் பிளேட்லெட்டை இங்கே எப்போதும் பார்க்கிறார்கள். ஈரல் இறுகும்போது குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது, மண்ணீரல் வீங்குகிறது, வீங்கிய மண்ணீரல் பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எண்ணிக்கை 1 லட்சத்துக்குக் கீழே போய், எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் ரத்தக் குழாய்கள் புடைத்துத் தெரிந்தால், வெட்டுவதற்கு முன் பல தடவை யோசிப்பார்கள். மாமாவுக்கு சைல்ட் ஏ. பிளேட்லெட் 84,000.

இப்போது அந்த ‘லேசர்’ விஷயத்துக்கு வரலாம். சின்னக் காயத்தோடு செய்யும் சிகிச்சை என்ற ஒரே பெயருக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் அடைபட்டிருக்கின்றன.

லேப்ராஸ்கோபியும் ரோபோவும் முதல் வகை. வயிற்றில் நாலைந்து துளை போட்டு, கேமரா விட்டு, ஈரலின் ஒரு பகுதியை வெட்டி, அடிவயிற்றில் சின்னக் கீறல் வழியாகப் பையில் போட்டு எடுக்கிறார்கள். கைதேர்ந்தவர்கள் செய்தால் ரத்தம் குறைவாகப் போகும், வலி குறையும், வீட்டுக்கும் சீக்கிரம் வரலாம். ஆனால் உள்ளே நடப்பது முழு அறுவை சிகிச்சைதான். திறந்து செய்தால் எவ்வளவு ஈரல் போகுமோ அவ்வளவு இதிலும் போகும். “துளை ஆபரேஷன்தானே, தாங்குவார்” என்று நினைப்பது தப்பு. தாங்க வேண்டியது ஈரல், தோல் இல்லை.

இரண்டாவது, வெட்டாமல் இருக்கும் இடத்திலேயே கட்டியைச் சுட்டுக் கருக்குவது. அப்லேஷன் என்கிறார்கள். முன்பு ரேடியோ அலை, இப்போது அதிகம் மைக்ரோவேவ். அத்தையிடம் தமிழில் சொல்லிப் பார்த்தேன். “ஈரல்ல சூடு வைக்கிறாங்களா?” என்று முகம் மாறிவிட்டது. அவர் ஊர்ப்பக்கம் மஞ்சள் காமாலைக்கு வயிற்றில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுவார்களாம். அது வேறு இது வேறு என்று புரிய வைக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது.

மூன்றாவது, ரத்தக் குழாய் வழியாகப் போவது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

வெட்டுகிறவர்களின் பக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஈரலைத் தொட்டாலே ரத்தம் என்ற பயம் மருத்துவத்தில் நெடுநாள் இருந்தது. கிளாஸ்கோவில் பிரிங்கிள் என்ற சர்ஜன், ஈரலுக்குள் நுழையும் குழாய்க் கொத்தை விரலாலேயே அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்தலாம் என்று 1908இல் எழுதினார். இன்றும் அதே உத்திதான், விரலுக்குப் பதில் நாடா. கால் மணி நேரம் இறுக்கு, ஐந்து நிமிடம் விடு, மறுபடி இறுக்கு. பிறகு 1950களில் பிரான்ஸில் குய்னோ என்ற உடற்கூறியல் அறிஞர் ஈரலுக்குள் ஓடும் குழாய்களை வைத்து அதை 8 பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு பகுதிக்கும் தனி வரத்து, தனிப் போக்கு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டியாகத் தெரியும் ஈரலில் எந்த வரப்பின் மேல் வெட்டினால் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் நிற்காது என்பது அப்போது தெரிந்தது. கட்டி ரத்தக் குழாய் வழியாகக் குட்டி போட்டிருந்தால் பெரும்பாலும் அதே பகுதிக்குள்தான் இருக்கும். பகுதியையே எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத அந்தக் குட்டிகளும் சேர்ந்து போகும். கத்தியின் உண்மையான பலம் இது.

இன்னொரு பலமும் உண்டு. வெட்டியதை லேபில் வைத்து முழுதாகப் பார்க்கலாம். ஓரத்தில் புற்றணு இருக்கிறதா, நுண்குழாய்களில் புகுந்திருக்கிறதா என்று எழுத்தில் ரிப்போர்ட் வரும். சுட்ட கட்டியில் இந்த ரிப்போர்ட் கிடையாது. ஸ்கேனை வைத்துத்தான் நம்ப வேண்டும்.

அப்லேஷன் நடந்த அறை ஆபரேஷன் தியேட்டர் போல இல்லை, ஸ்கேன் அறை மாதிரிதான் இருந்தது. மாமாவை மயக்கத்தில் வைத்திருந்தார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே, பேனா ரீஃபிள் அளவுக்கு மெலிந்த ஊசி. முடிந்த பிறகு அல்ட்ராசவுண்ட் பதிவை மருத்துவர் ஓட்டிக் காட்டினார். சாம்பல் நிற ஈரலில் கறுப்பாக ஒரு வட்டம், அதன் நடுவுக்கு வெள்ளைக் கோடாக ஊசி போய் நிற்கிறது. சூடு ஏற ஏற ஊசி நுனியிலிருந்து வெள்ளைப் புகை போல ஏதோ கிளம்பி, அடுப்பில் பால் பொங்குவது போல வட்டத்தை மூடிவிடுகிறது. திசுவிலிருக்கும் நீர் கொதித்து எழும் குமிழிகள் அவை. 60 டிகிரியைத் தாண்டினால் அணுவில் இருக்கும் புரதம் முட்டை வெந்தது போல உறைந்துவிடும். கருக்குவதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். மறுநாள் மாலை டிஸ்சார்ஜ். விலாவில் ஒரு பிளாஸ்டர். கடைப்பையன் பார்த்துவிட்டு, “இவ்ளோதானாண்ணே?” என்றான்.

அப்படியென்றால் எல்லாருக்கும் இதையே செய்யலாமே? அங்கேதான் 3 சென்டிமீட்டர் என்ற எல்லை வருகிறது. ஏன் 3 என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டியை மட்டும் சுட்டால் போதாது, சுற்றிலும் முடிந்தால் ஒரு சென்டிமீட்டர் நல்ல ஈரலையும் சேர்த்துக் கருக்க வேண்டும். 2 செ.மீ. கட்டிக்கு 4 செ.மீ. உருண்டை, கன அளவில் சுமார் 33 மி.லி. 3 செ.மீ. கட்டிக்கு 5 செ.மீ. உருண்டை, 65 மி.லி. 5 செ.மீ. கட்டி என்றால் 7 செ.மீ. உருண்டை, 180 மி.லி. விட்டம் கொஞ்சம் கூடினாலும் கருக்க வேண்டிய இடம் மடங்கு மடங்காகப் பெருகுகிறது. ஒரு ஊசியின் சூடு அவ்வளவு தூரம் சீராக எட்டாது. எட்டாத ஓரத்தில் கட்டி திரும்ப வளரும்.

இடமும் முக்கியம். பெரிய ரத்தக் குழாயை ஒட்டிக் கட்டி இருந்தால், ஓடும் ரத்தம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் பாத்திரத்தைச் சுட வைப்பது மாதிரி. ரேடியோ அலைக்கு இந்தத் தொல்லை அதிகம், மைக்ரோவேவ் ஓரளவு தாக்குப்பிடிக்கும். பித்தக் குழாய் பக்கத்தில் இருந்தால் அது வெந்து சுருங்கும். குடலை ஒட்டி இருந்தால் ஓட்டை விழும் அபாயம். ஆகவே 2 செ.மீ. கட்டி ஈரலின் விளிம்பில் இருந்தால், லேப்ராஸ்கோபியில் ஓரத்தைச் சீவி எடுப்பது சுலபம், அதிக ஈரலும் போகாது. அதே 2 செ.மீ. கட்டி நடு ஈரலில் ஆழமாக இருந்தால், அதைத் தோண்ட அரை ஈரலைத் தியாகம் செய்ய வேண்டிவரும், அங்கே ஊசிதான் புத்திசாலித்தனம். பக்கத்து பெட்காரருக்கு ஒரே அளவுக் கட்டிக்கு ஆபரேஷன், நமக்கு ஊசி என்றால் யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை. மாமாவுக்குக் கட்டி ஆழத்தில், எட்டாம் பகுதியில்.

நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஒத்துப்போகவில்லை என்பதுதான் நேர்மையான பதில். சீனாவில் 180 பேரை வைத்து 2006இல் வந்த ஆய்வில் நான்கு வருடக் கணக்கில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்: ஊசிக்கு 68 சதவீதம், கத்திக்கு 64 சதவீதம் பேர் உயிரோடு. அதே சீனாவில் 230 பேரை வைத்து 2010இல் வந்த இன்னொரு ஆய்வில் ஐந்து வருடத்தில் கத்திக்கு 75.65, ஊசிக்கு 54.78. எதை நம்புவது? இரண்டாவதில் 3 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிகளும் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. அப்புறம் ஜப்பான்காரர்கள் 3 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு சுமார் 300 பேரிடம் செய்தார்கள். ஆய்வின் பெயர் சர்ஃப், சோப்புத்தூளுக்குச் சம்பந்தமில்லை. ஐந்து வருடத்தில் கத்திக்கு 74.6, ஊசிக்கு 70.4 என்று 2021இல் அறிவித்தார்கள். புள்ளிவிவரப்படி அது வித்தியாசமே இல்லை. ஆபத்தைப் பொறுத்தவரை ஊசிக்குச் சாதகம்: இத்தாலியின் 41 மையங்களில் 2,320 பேருக்கு ரேடியோ அலைச் சிகிச்சை செய்ததை 2003இல் தொகுத்தபோது இறப்பு 0.3 சதவீதம், பெரிய சிக்கல் 2.2 சதவீதம்.

என் வாசிப்பு இது: 2 செ.மீ.க்குக் கீழே ஊசிக்கே முதல் உரிமை. 2இலிருந்து 3 வரை இடத்தையும் ஈரலையும் பொறுத்தது. அதற்கு மேல், ஈரல் தாங்குமென்றால் கத்தி. தாங்காதென்றால் வேறு வழி.

அந்த வேறு வழிகளில் ஒன்று, முன்பு விட்டுவைத்த மூன்றாவது வகை. ஈரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும் கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. கட்டியோ தமனியிலிருந்துதான் பெரும்பாலும் உறிஞ்சுகிறது. ஆகவே தமனியை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், ஈரல் பிழைத்துக்கொள்ளும். தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை விட்டு, கட்டியின் வாசல் வரை போய், கீமோ மருந்தை எண்ணெயில் குழைத்துச் செலுத்தி, பின்னாலேயே அடைப்பையும் போட்டுவிடுகிறார்கள். டேஸ் என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். அந்த எண்ணெய் என்ன தெரியுமா? அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெய். குருமாவில் அரைத்து ஊற்றும் அதே கசகசாவின் எண்ணெய்தான் எக்ஸ்-ரே திரையில் கட்டிக்குள் தேங்கிக் கறுப்பாகத் தெரிகிறது. இதனால் ஆயுள் கூடுகிறது என்று பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் 2002இல் காட்டின. கட்டிகள் பலவாக இருக்கும்போது, வேரோடு பிடுங்க முடியாதபோது இது. மருந்துக்குப் பதிலாக இட்ரியம்-90 கதிர்வீச்சு மணிகளை அனுப்பும் முறையும் சென்னையில் சில இடங்களில் கிடைக்கிறது, விலைதான் தலை சுற்றும். டேஸ் முடிந்ததும் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், வயிற்றுவலி, குமட்டல் வரும். பயப்பட வேண்டாம், கட்டி சாகும் சத்தம் அது.

நிலத்தையே மாற்றும் சிகிச்சை ஒன்று இருக்கிறது: ஈரல் மாற்று. கட்டியும் போகும், சுருங்கிய ஈரலும் போகும். ஒரே கட்டியானால் 5 செ.மீ. வரை, மூன்று கட்டி வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் என்று மிலானில் மஸ்ஸாஃபெர்ரோ 1996இல் வகுத்த வரம்புக்குள் இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் நான்கு வருடத்தில் உயிரோடு இருந்தார்கள். 2008இல் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடுத்ததைச் சென்னை மறக்காது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே ஈரல் மாற்று நடக்கிறது. ஆனால் தானமாக வரும் ஈரலை விட வரிசை எப்போதும் நீளம். இல்லையென்றால் வீட்டில் ஒருவர் பாதி ஈரலுக்கு மேல் கொடுக்க வேண்டும். மகன் கொடுக்கிறேன் என்றான், மாமா பேச்சை மாற்றிவிட்டார்.

இடையில் ஒரு விஷயம். ஈரலில் கட்டி என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பெருங்குடலில் தொடங்கி ஈரலுக்குப் பரவியது வேறு கதை. அங்கே மீதி ஈரல் பெரும்பாலும் நல்ல ஈரல், அதனால் வெட்டுவதற்கு இடம் அதிகம். ஆனாலும் அங்கேயும் 3 செ.மீ.க்குள் இருக்கும் கட்டிகளுக்குச் சுடுவது வெட்டுவதற்குக் குறைந்ததல்ல, சிக்கலும் குறைவு என்று நெதர்லாந்தில் நடந்த கொலிஷன் ஆய்வு அண்மையில் காட்டியிருக்கிறது.

கீழாநெல்லியைச் சொல்லாமல் விட்டால் சொந்தக்காரர்கள் விடமாட்டார்கள். அதற்கு ஒரு சென்னைக் கதையே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, 1988இல் லான்செட் இதழில் கீழாநெல்லி பற்றி எழுதினார்கள். 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் அப்படியே வரவில்லை. எப்படியும் அது வைரஸைப் பற்றிய ஆய்வு, கட்டியைப் பற்றியது இல்லை. ஏற்கெனவே நொந்த ஈரலுக்குப் பெயர் தெரியாத லேகியம் கொடுப்பதை நான் வன்மையாக எதிர்ப்பேன். டேபிளில் மூன்று டப்பா வந்து சேர்ந்தது, மூன்றும் பரணில் கிடக்கிறது.

கடைசியாக ஒரு கசப்பு. நாங்கள் முதலில் போன இடத்தில் ஊசியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. திங்கட்கிழமை அட்மிட் ஆகுங்கள், புதன்கிழமை ஆபரேஷன் என்றார்கள். அவர்களிடம் அந்த மெஷின் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. யார் முன்னால் உட்காருகிறோமோ அவர் கையில் இருக்கும் ஆயுதம்தான் நமக்குச் சிகிச்சையாகிறது, இது எங்கேயும் நடப்பதுதான். ஈரல் மருத்துவர், சர்ஜன், ஊசி போடும் கதிரியக்க மருத்துவர் மூவரும் ஒரே மேசையில் அதே ஸ்கேனைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அதை டியூமர் போர்டு என்கிறார்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்கேன் சிடியை அவர்களிடமே விட்டுவிடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்கள் எந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில் அதில் வருகிறது என்பதை அட்மிஷனுக்கு முன்பே கவுண்டரில் கேட்பது நல்லது. ஊசியே ஒரு தடவைதான் பயன்படும், அதன் விலை பில்லில் தனியாக நிற்கும்.

வெட்டினாலும் சுட்டாலும் சுருங்கிய ஈரலில் ஐந்து வருடத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டி எங்காவது திரும்புகிறது. அதனால்தான் தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன், கூடவே கட்டியின் தடயத்தைத் தேடும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை. சீக்கிரம் கண்டால் மறுபடி ஊசி போடலாம், மிச்ச ஈரல் இருக்கும்வரை. மாமாவுக்கு ஒன்றரை வருடம் கழித்து இடப்பக்கத்தில் 1.4 செ.மீ.யில் புதிதாக ஒன்று தெரிந்து, அதையும் சுட்டார்கள். இந்த முறை அவர் லேசரா என்று கேட்கவில்லை, பிளேட்லெட் எவ்வளவு என்று கேட்டார். 79,000.

அடுத்த ஸ்கேன் ஆடியில் வருகிறது. ஆவணிக்குத் தள்ளிப்போடச் சொல்கிறார் அத்தை. மாமா டோக்கன் போட்டுவிட்டார்.